அடங்கிய புண்ணும் ஆறிய புண்ணும்

புண்களுள் சில மருந்திட்டவுடன் அடங்கி, சின்னாட்கழித்து மீண்டும் தலைகாட்டுதலை நாம் காண்கிறோம். அங்ஙனம் மீண்டு வரும் புண்ணின் வேர் தோலிலன்று, உள்ளே உள்ளது என்பது அனுபவமுடையோர் அறிந்ததே. இருதயத்திற்குத் துணையாக மார்பினுள் வைக்கப்படும் கருவியைச் சுற்றி உண்டாகும் புண்ணில் இவ்வுண்மை எத்துணை முக்கியமானதென்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். நம்மிற் பலருடைய இல்லங்களில் இக்கருவியைத் தாங்கிய முதியோர் இருத்தலின், இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுக் கல்வியாய் முடியாது.

இளைப்பாறியிருக்கும் மனிதனுடைய இருதயம் நிமிஷத்திற்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. இத்துடிப்பை எழுப்பும் மின்னோட்டம் தடைப்படின் நாடி தளரும், தலை சுற்றும், மயக்கமும், சிற்சில வேளைகளில் மரணமும் நேரும். இக்குறையை நீக்குவதற்கென அமைந்ததே ‘பேஸ்மேக்கர்’ என்னும் கருவி. இஃது இரு பகுதிகளை உடையது. மின்கலம் அடங்கிய டைட்டேனியப் பெட்டி ஒன்று. அதனின்று இரத்தக்குழாய் வழியே சென்று இருதயத்தின் உட்சுவரைத் தொடும் மின்கம்பி மற்றொன்று. பெட்டியை வைப்பதற்காகக் காறையெலும்பின் கீழ், தோலுக்கு அடியில், வைத்தியர் சிறு பையொன்று அமைப்பர்.

உடம்பினுள் முற்றும் அடங்கும் இத்தகைய கருவி முதன்முதலாக 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஸ்வீடன் தேசத்துக் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் வைக்கப்பட்டது. அதனைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். பொருத்திய இரண வைத்தியர் ஓகே செனிங். பெற்றவர் ஆர்னே லார்சன் என்னும் 43 வயதினர். முதற் கருவி சில மணி நேரமே இயங்கிற்று. ஆயினும் அவர் தம் வாழ்நாளில் 26 கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கி, 2001-ஆம் ஆண்டில், 86-ஆம் வயதில், இருதய நோயாலன்றி வேறொரு நோயால் இறந்தார்.

இவ்வரலாறு நமக்கு ஒன்றைப் புலப்படுத்துகின்றது. மின்கலம் தீர்ந்தபோதெல்லாம் பெட்டியை மாற்ற வேண்டும். மாற்றுந்தோறும் பை மீண்டும் திறக்கப்படும். பை திறக்குந்தோறும் கிருமிக்கும் வாயில் திறக்கின்றது. ஆதலின் முதன்முறை வைக்கும்போதினும் பின்னர் மாற்றும்போது கிருமி தொற்றும் அபாயம் மிகுதி. இங்ஙனம் தொற்றுவன பெரும்பாலும் ‘ஸ்டாபிலோகாக்கஸ்’ என்னும் இனத்தைச் சார்ந்த கிருமிகள். இவை அயலிடத்தினின்று வந்தனவல்ல. பெரும்பாலும் நம் தோலிலும் மூக்கிலும் குடியிருப்பனவே.

இனி, இப்புண் ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றது என்பதைக் காண்போம். உயிருள்ள தசையில் புகுந்த கிருமியை இரத்தம் சூழ்ந்து எதிர்க்கும். இரத்தத்தோடு மருந்தும் அங்குச் சேரும். உலோகத்திலோ கம்பியின் உறையிலோ இரத்த ஓட்டம் இல்லை. அங்கு ஒட்டிய கிருமிகள் பசைபோன்ற படலமொன்றைத் தம்மைச் சுற்றிப் படைத்துக்கொண்டு, கோட்டையினுள் இருப்பார்போல வாழும். மருந்து, கோட்டைக்கு வெளியே திரியும் கிருமிகளைக் கொல்லும், சிவப்பு மறையும், காய்ச்சல் தணியும். மருந்து நின்றபின் உள்ளிருந்தன வெளிப்படும். 1982-ஆம் ஆண்டில், மருந்து உட்கொண்டும் இரத்தத்தில் கிருமி மீண்டு வந்த ஒருவருடைய மின்கம்பியைக் கானடா தேசத்து ஆராய்ச்சியாளர் எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் நோக்கினர். கம்பியின்மீது படலத்தில் பொதிந்த கிருமிக் கூட்டங்கள் அவர் கண்ணுக்குப் புலனாயின. நீறு பூத்த நெருப்பு என்னும் நம் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அற்றேல், மார்பில் தோன்றும் ஒவ்வொரு சிவப்பையும் கண்டு அஞ்ச வேண்டுமோ? வேண்டா. சிகிச்சைக்குப்பின் முதற் சில வாரங்களில், தையல் இட்ட இடத்தின் மேற்றோலில் மட்டும் தோன்றும் சிறு புண், பையை எட்டாததாயின், 7 முதல் 10 நாள் மருந்தால் ஆறலாம். கட்டின் பசையாலும் தோல் அரிக்கலாம். ஆயின் பையின்மேல் சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்பன தோன்றினும், தோல் மெலிந்து பெட்டியோடு ஒட்டினும், சீழ் கசியினும் தாமதித்தல் கூடாது. பெட்டியின் ஓரமேனும் கம்பியேனும் தோலைத் துளைத்து வெளித்தெரியின், வலியும் காய்ச்சலும் இல்லையாயினும், அது கிருமி புகுந்ததாகவே கொள்ளப்படும். பை செவ்வனே இருப்பவும் காரணம் தெரியாக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரின், கம்பியைப்பற்றிய ஐயம் எழ வேண்டும்.

இந்நிலையில் செய்யத்தக்கனவும் தகாதனவும் உள. வீங்கிய பையை ஊசியாற் குத்தி நீர் எடுத்தல் ஆகாது. அவ்வூசியே கிருமியை உட்செலுத்தக்கூடும். மருந்து தொடங்குமுன் குறைந்தது இருமுறை இரத்தம் எடுத்துக் கிருமி வளர்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். முன்னரே மருந்து கொடுப்பின் குற்றவாளி மறைந்துகொள்வான். பையில் கிருமி உறுதிப்பட்டவிடத்து, பெட்டி, கம்பி ஆகிய அனைத்தையும் எடுத்துவிடுதலே சிகிச்சை. மருந்து அதற்குத் துணையே. பல்லாண்டு கிடந்த கம்பியை இரத்தக்குழாய் தழும்பாற் பற்றியிருக்கும் ஆதலின், அதனை எடுக்கும் பணி பயின்ற வைத்தியர்க்கே உரியது. இரத்தம் தூய்மையுற்றமை தெளிந்து, குறைந்தது 72 மணி நேரம் கழிந்தபின், தேவையாயின் புதுக்கருவியை வேறிடத்தில், பெரும்பாலும் மறுபக்க மார்பில், வைப்பர்.

இவ்விதி அறியப்பட்டும் பின்பற்றப்படாமை வருந்தத்தக்கது. அமெரிக்காவில் இருதயக் கருவியில் கிருமி தொற்றிய 11,000-க்கு மேற்பட்ட முதியோரை ஆராய்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, கருவி எடுக்கப்பெற்றோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவே. ஆறு நாட்களுக்குள் எடுக்கப்பெற்றோரிடையே, எடுக்கப்பெறாதாரினும், மரணம் குறைந்திருந்தது. ‘இன்னுமொரு முறை மருந்து கொடுத்துப் பார்ப்போம்’ என்னும் சொல்லில் அன்பு இருக்கலாம்; ஆபத்தும் உண்டு.

வருமுன் காத்தலும் இயலும். கீறுவதற்கு முன் ஒரு மணி நேரத்திற்குள் தரும் மருந்தும், பையில் இரத்தம் தேங்காது காத்தலும் இன்றியமையாதன. மருந்து தோய்ந்த வலையுறையில் பெட்டியை வைத்தல், அபாயம் மிகுந்தோரிடத்துக் கிருமித் தொற்றைப் பத்தில் நான்கு பங்கு குறைத்ததென 2019-ஆம் ஆண்டுச் சோதனையொன்று காட்டிற்று. பையும் கம்பியும் இன்றி இருதயத்தினுள்ளேயே அமரும் சிறு கருவிகளும் சிலர்க்குப் பயன்படுகின்றன.

மாணவ நண்பர்காள், விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது, கருவி தாங்கிய பெரியோரை அதன்மேற் களிம்பு பூசி ஆறுதலடைய விடாதீர். ‘அந்த இடம் முன்பு ஒருமுறை சிவந்ததுண்டா?’ என வினவுக. உண்டெனின், கருவி வைத்த வைத்தியரிடம் அவரை அழைத்துச் செல்க. அடங்கிய புண் வேறு. ஆறிய புண் வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்து காலத்திற் செய்யும் உதவி ஓருயிரைக் காத்தல் கூடும்.