லேபிள் மட்டும் போதுமா? – சாரணர் சின்னமும் சீருடையும்

சின்னம் என்றால் என்ன என்பதைத் திருத்தங்கல், சிவகாசி வட்டாரப் பிள்ளைகளுக்கு நாம் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அச்சாகிற ஊர் அவர்களுடையது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே தமக்கு வேண்டிய பெட்டியைக் கேட்டு வாங்குவார். ஆனால் உள்ளே இருக்கும் குச்சி நமத்துப் போயிருந்தால், லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. சாரணர் சின்னத்தையும் சீருடையையும் கற்பிக்க இந்த ஓர் உவமை போதும்.

பூவும் இலையும் சக்கரமும்

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் சின்னத்தில் மூன்று உருவங்கள் உண்டு. மூவிதழ் லில்லி மலர் சாரணருக்கு உரியது. மூவிலை சாரணியருக்கு உரியது. நடுவில் இருப்பது நம் தேசியக் கொடியில் உள்ள, 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம். பல சாரணர் அமைப்புகள் ஒன்றிணைந்து 1950 நவம்பர் 7 அன்று இந்த இயக்கம் உருவானது. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் அமைப்பும் அதில் சேர்ந்தது. இந்த வரலாறு முழுவதும் அந்தச் சிறு வில்லைக்குள் அடங்கியிருக்கிறது.

வகுப்பில் இதைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். தேவாலயத்துக்குச் செல்லும் பிள்ளை, சூசையப்பர் கையில் இருக்கும் லில்லி என்று சொல்லலாம். நின்ற நாராயணப் பெருமாள் கோயிலுக்குச் செல்லும் பிள்ளை, பெருமாள் கைச் சக்கரம் என்று சொல்லலாம். இவற்றைத் தவறான விடைகள் என்று தள்ளிவிட வேண்டாம். பிள்ளை தனக்குத் தெரிந்ததிலிருந்துதான் தெரியாததற்கு வருகிறது. அதன் பிறகு பொதுப்பொருளைச் சொல்லுவோம். பழைய நிலப்படங்களில் வடதிசையைக் காட்ட லில்லி வரையப்பட்டது. வழி தவறாமல் நடப்பவர், பிறருக்கும் வழி காட்டுபவர் என்ற பொருளில் பேடன் பவல் அதை எடுத்துக்கொண்டார். இறைவனுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை, பிறருக்கு உதவுதல், சாரணர் விதிக்குப் பணிதல் என்னும் உறுதிமொழியின் மூன்று பகுதிகளை மூன்று இதழ்கள் நினைவூட்டுகின்றன.

அவரவர் மண்ணில் அவரவர் அடையாளம்

1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முகாமில் தொடங்கிய இயக்கம் இது. போன இடமெல்லாம் அந்தந்த மக்கள் தங்கள் அடையாளத்தையும் அதில் சேர்த்தார்கள். பிரான்சில் 1920இல் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஜாக் செவன் என்ற இயேசு சபைக் குரு. லில்லி மலரை எருசலேம் சிலுவையோடு இணைத்து அந்த அமைப்பின் சின்னம் உருவானது. உலகச் சாரணர் குடும்பத்திலிருந்து பிரியாமலே தம் நம்பிக்கையை அவர்கள் சட்டையில் அணிந்துகொண்டார்கள்.

நம் சென்னையிலும் இப்படி ஒன்று நடந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜி. எஸ். அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தனிச் சாரணர் அமைப்பு நடத்தினார்கள். அயல்நாட்டுத் தொப்பி இருந்த இடத்தில் தலைப்பாகை வந்தது. முகாமில் இந்தியப் பாடல்கள் ஒலித்தன. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்த அமைப்பு பொது இயக்கத்தோடு இணைந்தது.

இன்று நம் இயக்கத்தில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே சின்னத்தை அணிகிறார்கள். உறுதிமொழியில் 'கடவுள்' என்ற சொல்லுக்குப் பதிலாக விரும்புவோர் 'தர்மம்' என்று சொல்லவும் இடம் உண்டு. பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

விரல்கள் சொல்வது

சாரணர் வணக்கத்தில் மூன்று விரல்கள் நிமிர்ந்திருக்கும். பெருவிரல் சுண்டுவிரலின்மேல் படிந்திருக்கும். வலியவர் எளியவரைக் காக்க வேண்டும் என்பது அதன் பொருள். கை குலுக்குவது இடக்கையால். கேடயம் ஏந்தும் கையை நீட்டுவது நம்பிக்கையின் அடையாளம் என்று விளக்கம் சொல்வார்கள்.

சீருடை யாருக்காக?

செல்வர், வறியவர் என்ற வேறுபாடு தெரியக்கூடாது என்பது சாரணர் சீருடையின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. அந்தச் சீருடை வாங்க முடியவில்லை என்பதற்காகவே ஒரு பிள்ளை அணிக்கு வெளியே நின்றால் நோக்கம் தலைகீழாகிவிடும். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்பில் அதிகம். வேலை இல்லாத மாதங்களில் புதுச் சீருடை அவர்களுக்குப் பெரிய செலவு. "சீருடை இருப்பவர்கள் மட்டும் வரலாம்" என்று அறிவிப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்ப்போம். முடிச்சுகள், முதலுதவி, அணிக்கூட்டம் ஆகிய அனைத்தையும் பள்ளி உடையிலேயே தொடங்கலாம். முதலில் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் மட்டும் போதும்.

அதையும் பாடமாக்கலாம். 75 செ.மீ. பக்கமுள்ள சதுரப் பருத்தித் துணியை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு ஸ்கார்ஃப் கிடைக்கும். நீண்ட பக்கம் எவ்வளவு என்று பிதாகரஸ் தேற்றத்தால் கணக்கிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 106 செ.மீ. வரும். அதே முக்கோணத் துணி, கையில் அடிபட்ட பிள்ளைக்குத் தூளியாகும், காயத்துக்குக் கட்டாகும். கழுத்தில் கிடப்பது அலங்காரம் இல்லை, முதலுதவிப் பொருள் என்பது அப்போது புரியும்.

'தயாராக இரு'

நம் வட்டாரத்தில் இந்தக் குறிக்கோளுரைக்குத் தனிக்கனம் உண்டு. வெடிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடுவதை நாம் அறிவோம். தயாராக இருப்பது என்றால் தீயை நோக்கி ஓடுவது என்று பொருளாகாது. சாரணர் முதலில் கற்க வேண்டியவை இவை:

• விலகி நில், மற்றவரையும் விலக்கு, பெரியவரிடம் சொல், 101, 108 எண்களை அழைக்கச் செய்.
• உன் உடையில் தீப்பிடித்தால் ஓடாதே. நில், படு, உருளு.
• தீப்புண்ணை ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் குளிர வை. பற்பசை, மை, பனிக்கட்டி கூடாது. ஒட்டிய துணியைப் பிய்க்காதே, கொப்புளத்தை உடைக்காதே.
• கீழே கிடக்கும் வெடிக்காத பட்டாசைத் தொடாதே.

வகுப்பில் செய்து பார்க்க

1. சின்னத்தை வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அந்த வாரம் தாம் செய்த ஒரு செயலை எழுதச் சொல்லுங்கள். செயல் இல்லாத இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.
2. ஸ்கார்ஃபால் கைத்தூளி கட்டும் பயிற்சியை இருவர் இருவராகச் செய்யுங்கள்.
3. தீ விபத்தின்போது செய்ய வேண்டியவற்றை நாடகமாக நடித்து, பெற்றோர் கூட்டத்தில் காட்டச் சொல்லுங்கள்.

முதல் பயிற்சியின் தாளை மாத இறுதியில் மீண்டும் கொடுங்கள். வெறுமையாக இருந்த இடங்களைப் பிள்ளைகளே நிரப்பத் தொடங்கியிருந்தால், லேபிளுக்குள் இருக்கும் குச்சி நமக்கவில்லை என்று நாம் மகிழலாம்.