தாகம் வரட்டும் என்று காத்திராதீர்கள்

நம் உடம்பின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இரத்தம் ஓடவும், மூத்திரத்தோடு கழிவு போகவும், வேர்வை விட்டு உடம்புச் சூடு தணியவும் அது வேண்டும்.

சாலாக் செலாத்தானிலிருந்து கிள்ளான் வரை உச்சி வெயில் 33 டிகிரியைத் தொடுகிறது. அந்த வெயிலில் குலை வெட்டுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேர்வைகூடப் போய்விடும். தாகம் தெரியும்போதே தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு குவளை குடியுங்கள். மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது பத்தவில்லை. சிறுநீரக, இருதய நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

தலை சுற்றினால் வேலையை நிறுத்தி நிழலில் உட்காருங்கள். கூட வேலை செய்பவர் பேச்சுக் குழறி மயங்கினால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாமதித்தால் உயிரே போய்விடும்.