புளியமரத்தடியில் என்ன வைக்கலாம்?

திண்டிவனம் பக்கம் எங்கள் நிலத்து வரப்போரம் ஒரு பெரிய புளியமரம். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்த முதல் வருடம் அதன் பக்கத்தில் தக்காளியும் கத்தரியும் நட்டேன். நாற்று பிழைத்தது, வளரவில்லை. "மேனேஜர் சார், புளியமரத்துக் காத்தே ஆகாது. வெட்டிட்டு வேலையப் பாருங்க" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். விறகு வியாபாரியும் விலை பேசிவிட்டுப் போனார். வருடாவருடம் புளி கொடுக்கிற மரம், எனக்கு மனசு வரலை.

சில மரங்கள் பக்கத்துச் செடியை வளரவிடாது என்பது உண்மைதான். அமெரிக்காவின் கருப்பு அக்ரூட் மரத்து வேரிலும் இலையிலும் உள்ள ஜூக்லோன் என்ற பொருள் தக்காளியை வாடவைக்கும். புளிய இலைச்சாறும் சில விதைகளின் முளைப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் உண்டு. நம்ம மரம் எப்படி? ஒரு தொட்டியில் மரத்தடி மண், இன்னொன்றில் நடுவயல் மண் எடுத்தேன். இரண்டிலும் பத்துப் பத்து தக்காளி விதை, ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர். மூன்று வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி நின்றன. அப்போ என் நிலத்தில் குற்றவாளி மண் இல்லை, நிழலும் தண்ணீரைக் குடித்துவிடும் வேரும்தான். உங்கள் மரத்தடித் தொட்டி பின்தங்கினால் அங்கே விதை தூவாதீர்கள், உதிர்ந்த இலையையும் கூட்டி எடுத்து மக்கவைத்த பிறகு போடுங்கள்.

நிழல் தாங்குவது மட்டும் போதாது. மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது ஆள் மிதிக்கும். அந்த நேரம் தரை காலியாக இருக்க வேண்டும். இதை நான் ஒரு வருடம் மிதிபட்ட கீரைப் பாத்தியைப் பார்த்துத்தான் கற்றேன்.

சேனை இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. சித்திரை, வைகாசியில் நட்டால் தையில் தோண்டிவிடலாம். விழுப்புரத்தில் விதைக்கிழங்கு வாங்கி, அரைக்கிலோ துண்டுகளாக வெட்டி, சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர்த்தி நட்டேன். அடிமரத்தை ஒட்டி வேண்டாம். கிளை விரிப்பின் ஓரத்தில், பெரிய வேரை வெட்டாமல் குழி எடுத்து மக்கிய எரு நிரப்புங்கள். மஞ்சளுக்கும் அதே பருவம்தான், ஆனால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும்.

வேலியோரம் ஆடாதோடை, பிரண்டை. ஆடாதோடையை ஆடு தொடாது, பூச்சிவிரட்டிக்கு இலையும் ஆச்சு.

போன தையில் தோண்டிய சேனையில் பெரியது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்து நிலத்துக்காரர் விதைக்கு இரண்டு கிழங்கு வாங்கிப் போனார். அவர் வரப்பிலும் ஒரு புளியமரம் நிற்கிறது.