மார்பகப் புற்றுநோய் பரவுமாறு

உடலின் உயிரணுக்கள் வேண்டுமளவே பெருகித் தத்தம் இடத்து நிற்றல் இயற்கை. அவ்வரம்பு கடந்து பெருகுவதே புற்று. மார்பகத்தில் எழும் கட்டி ஆண்டே அடங்கிக் கிடப்பின் உயிரைக் கவர்தல் அரிது. அதனினின்று பிரிந்த அணுக்கள் குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் சென்று, எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை ஆகியவற்றிற் குடிபுகுதலே பெரும்பாலும் சாவிற்குக் காரணமாகின்றது. ஆகலின், இந்நோய் பரவுமாற்றினை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1889-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் என்பார், இந்நோயால் இறந்த 735 பேரின் சவப்பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் எல்லா உறுப்புக்களிலும் ஒரே படியாய்ப் பரவாது, சிலவற்றையே சிறப்பாக நாடுதலைக் கண்டார். விதை எங்குஞ் சிதறினும் தனக்கேற்ற நிலத்திலன்றி முளையாது என்பதே அவர் கண்ட முடிபு.

அவ்விதையின் இயல்பை வகுப்பன யாவை எனின், மரபணுக்கள் என்க. அணுக்களை ஒன்றோடொன்று பிணிப்பது ஈ-காட்ஹெரின் என்னும் புரதம். அதனை ஆக்கும் மரபணு பழுதுறின் பிணிப்புத் தளரும். பின்னர், 2003-இலும் 2005-இலும் நியூயார்க்கில் ஜோன் மசாகே குழுவினர் செய்த ஆராய்ச்சிகளில், எலும்பை நாடும் அணுக்களில் ஒரு தொகுதி மரபணுக்களும், நுரையீரலை நாடுவனவற்றில் வேறொரு தொகுதியும் மிகுந்து தொழிற்படுதல் புலனாயிற்று. பாஜெட் கூறிய விதைக்கும் நிலத்திற்குமுள்ள பொருத்தம் இங்ஙனம் விளக்கமுற்றது.

மரபணு என்றவுடன், இது தாயிடமிருந்து மகட்கு வரும் குலப்பிணி போலும் எனச் சிலர் அஞ்சுவர். பிஆர்சிஏ1 போன்ற மரபணுக்களின் பழுது பெற்றோர் வழி வந்து நோய் தோன்றுதற்கு ஏதுவாதல் உண்டு. ஆயினும் அது சிறுபான்மையே. பரவுதற்குரிய மாறுதல்களோ பெரும்பாலும் கட்டியின் அணுக்களிலேயே பின்னர் நிகழ்வன. அவை மக்கட்குச் செல்லா.

இவ்வறிவாற் பயன் என்னை? ஹெர்2 என்னும் மரபணு பலபடியாய்ப் பெருகிய கட்டிகள் சிகிச்சைக்குப் பின்னும் விரைந்து மீளுமென 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் முதலியோர் காட்டினர். அம்மரபணு ஆக்கும் புரதத்தையே சென்று தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அச்சத்திற்கு அடையாளமாயிருந்த மரபணுவே மருந்து செல்லும் வழியாயிற்று.

எனினும், எம்மருந்தும் நோய் பரவுமுன் கண்டவிடத்தே மிகுபயன் தரும். மார்பிற் கட்டி தென்பட்டும் நாணத்தால் அதனை மறைக்கும் ஒவ்வொரு திங்களும், விதை தன் நிலத்தைத் தேடுதற்கு நாம் அளிக்கும் தவணையாம். அந்நாணத்தை நீக்கி, நம் இல்லத்துப் பெண்டிரைக் காலத்தே மருத்துவரிடம் செல்லச் செய்தல் கற்றோர் கடனாகும்.