திராட்சைக் கொத்தின்மேல் ஒரு வண்டு

இறந்த பூச்சிகளைக் கனிகளோடும் பாத்திரங்களோடும் அடுக்கிவைத்துப் படமெடுப்பதில் எனக்கு நெடுநாளாக ஈடுபாடு உண்டு. கம்பத்துச் சந்தையில் வாங்கிய பன்னீர் திராட்சையும், வாசல் விளக்கடியில் விடியற்காலையில் விழுந்து கிடக்கும் வண்டுகளும் விட்டில்களுமே என் மூலதனம்.

இத்தகைய படத்தைக் கண்டவுடன் குறியீட்டைத் தேடாமல், அதை அடுக்கிய கையைத் தேடுவதே உத்தமம். பகலில் பறக்கும் பட்டாம்பூச்சியும் இரவில் விளக்கை நாடும் விட்டிலும் ஒரே தட்டில் கூடியிருந்தால், கூட்டிவைத்தவர் ஒருவர் உண்டு. இறந்த பூச்சியின் கால்கள் வயிற்றுப் பக்கம் மடங்கிவிடுமாதலால், அவை விரிந்து ஊன்றி நின்றால் யாரோ ஈரமூட்டி இளக்கி, ஊசியால் நிறுத்தியிருக்கிறார். முன்னிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக இருக்கும்படி பட்டாம்பூச்சி விரிந்து கிடக்குமானால், அது அருங்காட்சியகப் பெட்டிக்குரிய ஸ்திதி. அப்படம் சேகரிக்கும் மனிதனின் ஆசையைப் பேசுகிறது என்றே நான் கொள்வேன்.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். அவர்களுள் ஓட்டோ மார்சியஸ் வான் ஸ்க்ரீக் என்பவர், மெய்யான பட்டாம்பூச்சி இறகுகளையே ஈர வர்ணத்தில் ஒற்றி எடுத்தவர். ஈ அழிவுக்கும், பட்டாம்பூச்சி ஆன்மாவுக்கும், திராட்சை கிறிஸ்துவின் இரத்தத்துக்கும் அடையாளமாவது அம்மரபில். அந்த அகராதியை அப்படியே நம் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தூக்கிக்கொண்டு வருவது வீண்.

கொத்தின்மேல் சிறு வண்டொன்று அமர்ந்த என் படத்தைக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் காட்டியபோது, "ஏன் மாப்ளே, மருந்து அடிக்கலையாக்கும்?" என்றுதான் கேட்டார். கவாத்து முடிந்து மொட்டு வெடிக்கும் தருணத்தில் அதைச் சுரண்டித் தின்று ஒரு போகத்தையே பாழாக்கும் வண்டினத்தை அறிந்தவருக்கு, அது நிலையாமையின் சின்னமாகவா தோன்றும்? கடனின் சின்னம்! 2023இல் இத்திராட்சை பெற்ற புவிசார் குறியீட்டின் பெருமைகூட அவருக்கு அப்புறந்தான். பண்டிதர்கள் சொன்ன வியாக்கியானங்களைவிட அவருடையதே அப்படத்துக்குப் பொருந்தியது.

பொன்வண்டையும் இவ்வாறே கொள்ளவேண்டும். நம் சிறுவர்க்கு அது தீப்பெட்டிக்குள் வளர்க்கும் செல்வம். 1888இல் லண்டன் மேடையில் மக்பெத் சீமாட்டியாக நடித்த எல்லன் டெர்ரியின் உடையிலோ, அத்தகைய வண்டுகளின் பச்சைச் சிறகுறைகள் பாம்பின் செதிலாக மின்னின.

படமெடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேகமலை இன்று புலிகள் காப்பகம், அங்கே அனுமதியின்றிப் பூச்சி பிடிக்கலாகாது. தெருவிளக்கடியில் தாமே விழுந்தவை போதும்.