பனிக்கால வேலைக்கு ஒரு பழைய கடற்படைக் கோட்டு

வேலை உத்தரவு வந்துவிட்டது. சிகாகோவோ பாஸ்டனோ, ஜனவரியில் சேர வேண்டும். விசா, வங்கிக் கணக்கு, வாடகை வீடு என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டிருப்பீர்கள். கோட்டு மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கடைசி வரியில் கிடக்கும். குளிர் தொடங்கியபின் போய்ப் பார்த்தால் கடைக்காரர் சொன்னதே விலை, கைக்குக் கிடைத்ததே அளவு.

புதிதாக ஒரு நல்ல கம்பளிக் கோட்டு வாங்கினால் முதல் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். மலிவாகத் தொங்கும் கோட்டுகளின் லேபிளைப் படித்துப் பாருங்கள், பாலியஸ்டர் தாராளமாகக் கலந்திருக்கும். நடுவே ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்குக் கொடுத்து, பிறகு பழைய துணிக் கடைகளுக்கு வந்து சேர்ந்த கருநீலக் கோட்டு. இடுப்புக்குக் கீழே சற்று இறங்கும். இரட்டை வரிசைப் பொத்தான், அகன்ற காலர், இரு பக்கமும் கை நுழைத்துக்கொள்ளச் செங்குத்துப் பை. பீகோட் என்பது அங்கே புழங்கும் பெயர், தேடும்போது அதையே தட்டுங்கள். 1975-இல் வந்த ‘த்ரீ டேஸ் ஆஃப் த காண்டார்’ படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இதைப் போட்டுக்கொண்டுதான் நியூயார்க்கில் உயிர் பிழைக்க ஓடுவார். அவருடைய பாத்திரம் மாலுமி அல்ல, புத்தகம் படித்து அறிக்கை எழுதும் அலுவலர். அலுவலகத்துக்கு இந்தக் கோட்டு ஒத்துவருமா என்ற கேள்விக்கு அந்தப் படமே போதும்.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். தடித்த ஸ்வெட்டரும் கழுத்துத் துண்டும் சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி வரை இது நன்றாகத் தாங்கும். காற்றை மறிப்பதில் கெட்டிக் கம்பளிக்கு ஈடு குறைவு. ஆனால் தொடைக்குக் கீழே பாதுகாப்பில்லை, தலைக்கு மூடாக்கும் கிடையாது. சிகாகோவில் ஜனவரி இரவுகள் சராசரியாகவே பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரி. ரயில் நடைமேடையில் இருபது நிமிடம் நிற்கிற வேலையென்றால் அந்த நாட்களுக்கு இறகு அடைத்த பார்க்கா ஒன்றும் வேண்டும். கடற்படையே அந்த முடிவுக்குத்தான் வந்தது: 2018 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கோட்டுக்குப் பதில் பார்க்கா கொடுக்கத் தொடங்கினார்கள். கோட்டு, விரும்புகிறவர் சொந்தக் காசில் வாங்கிப் போடும் உடையாகிவிட்டது. பல ஆண்டுகள் கடற்படைக்குத் தைத்துக் கொடுத்த ஸ்டெர்லிங்வேர் ஆஃப் பாஸ்டன் 2019 இறுதியில் கடையை மூடியது. ஆகவே இனி நல்ல சரக்கு என்றால் பெரும்பாலும் பழைய சரக்குதான்.

எந்த ஆண்டுக் கோட்டு?

விற்பவர் ‘விண்டேஜ்’ என்று எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். உள்பக்கம் தைத்திருக்கும் துணி லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ராணுவக் கொள்முதல் என்பதால் அதில் ஒப்பந்த எண் இருக்கும், அந்த எண்ணே பிறப்புச் சான்றிதழ். டி.எஸ்.ஏ. என்று தொடங்கினால் 1960-களின் தொடக்கத்திலிருந்து 1970-களின் நடுவரை. கொள்முதல் நிறுவனத்தின் பெயர் 1977-இல் மாறியது, அதிலிருந்து டி.எல்.ஏ. இன்னும் பிந்தி, 1990-களின் நடுவிலிருந்து, எஸ்.பி.ஓ. பல லேபிள்களில் எழுத்துகளை அடுத்து 100 என்றும், அதன்பின் இரண்டு இலக்கமும் வரும். அந்த இரண்டு இலக்கம் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு: டி.எஸ்.ஏ. 100-67 என்றால் 1967. ஆண்டு அச்சாகாத லேபிளானால் கையிருப்பு எண்ணைப் பாருங்கள். 8405 என்று தொடங்கும் அந்த எண் 13 இலக்கமாக இருந்தால் 1974-க்குப் பிந்தையது, 11 இலக்கமானால் முந்தையது.

இவ்வளவு துப்பறிவது எதற்கு? துணிக்காக. 1970-களின் இறுதிவரை கெர்சி என்னும் கம்பளியில் தைத்தார்கள். கெஜத்துக்கு 30 அவுன்ஸ் வாக்கில் எடை, நெருக்கமான நெசவு, விரலால் தடவினால் வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். 1980 வாக்கில் மெல்டன் துணிக்கு மாறினார்கள். அது மென்மையானது, லேசானது, கொஞ்சம் பஞ்சு எழும்பும். மோசம் என்று சொல்ல மாட்டேன். அலுவலகத்துக்குப் போட்டுக் கழற்ற அதுவே வசதி என்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தவர் எதை எடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கோட்டு கிடைத்தால் சந்தோஷம்தான். நங்கூரத்தைச் சுற்றி 13 நட்சத்திரம் பொறித்த பொத்தான், பைக்குள் கார்டுராய்த் துணி, ‘நேவல் க்ளோத்திங் ஃபாக்டரி’ லேபிள். ஆனால் அதைச் சேகரிப்பாளர்கள் விலை ஏற்றி வைத்திருக்கிறார்கள், தையல் நூலுக்கும் எண்பது வயதாகிறது. தினமும் ரயில் ஏறி இறங்குகிறவருக்கு அது தேவையில்லை. என் ஓட்டு 1960-களின் டி.எஸ்.ஏ. கோட்டுக்கு. துணி பழைய தரம், விலை நடுத்தரம்.

பொத்தானில் நங்கூரம் இருப்பது மட்டும் கடற்படைச் சரக்கு என்பதற்குச் சாட்சி ஆகாது. பொதுக் கடைகளுக்குத் தைத்த நகல்களிலும் அதே நங்கூரம் இருக்கும். ஒப்பந்த எண் இல்லாமல், ‘கடற்படைப் பாணி’ என்ற சொல் மட்டும் இருந்தால் அது நகல்.

அளவு: தோளில் தொடங்குங்கள்

இணையத்தில் வாங்கி ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். லேபிளில் 38ஆர் என்றிருந்தால் 38 அங்குல மார்புள்ளவருக்கு, நடுத்தர உயரத்துக்கு என்று பொருள். கோட்டின் சுற்றளவு 38 என்று பொருளல்ல. மேலும் பழைய வெட்டு உடம்பை ஒட்டியது. மாலுமி உள்ளே போட்டது இறுக்கமான கம்பளிச் சட்டை, நீங்கள் போடப்போவதோ முழுக்கைச் சட்டையும் அதன்மேல் ஸ்வெட்டரும். ஐம்பது வருடம் பலர் அலமாரியில் தொங்கிய கோட்டு, சலவையில் சற்றுச் சுருங்கியும் இருக்கலாம். எனவே லேபிள் எண் தேடுவதற்கு மட்டும். வாங்குவதற்கு அளவு நாடா.

ஊரை விட்டுக் கிளம்புமுன் தெரிந்த டெய்லரிடம் போய் நான்கு அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: சட்டையோடு மார்பு, முதுகில் தோள்முனையிலிருந்து தோள்முனை, தோள்முனையிலிருந்து மணிக்கட்டு, கழுத்தடியிலிருந்து இடுப்புக்குக் கீழே உட்காரும் இடம் வரை. அங்குலத்திலேயே எழுதுங்கள், அமெரிக்கக் கடையில் சென்டிமீட்டர் பேசினால் விழிப்பார்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது: எல்லாப் பொத்தானையும் மாட்டி, கோட்டைத் தரையில் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை எத்தனை அங்குலம்? பொத்தான் மாட்டாமல் அளந்தால் இரட்டை மடிப்புக் கோட்டில் இரண்டு மூன்று அங்குலம் எப்படியும் பொய் சொல்லும். வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். உங்கள் மார்பளவைவிட அது நான்கு அங்குலம் கூடுதலாக இருந்தால் ஸ்வெட்டருக்குச் சரி. மார்பு 38 என்றால் தட்டையில் 21 வேண்டும். மெல்லிய சட்டைக்கு மேல் மட்டும்தான் என்றால் மூன்று போதும். உள்ளே சூட்டுக் கோட்டும் போட வேண்டும் என்றால் ஆறு தேவைப்படும், ஆனால் அதற்கு வேறு சிக்கல் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மார்பு ஓரிரு அங்குலம் முன்பின் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். தோள் தவறினால் கோட்டே தவறு. தோள்பட்டைத் தையல் உங்கள் தோள்முனையில் உட்கார வேண்டும். ஸ்வெட்டருக்காக அரை அங்குலம், அதிகம் போனால் ஒரு அங்குலம் வெளியே தள்ளலாம். தோளைப் பிரித்துக் குறைப்பது என்றால் கை, காலர், லைனிங் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவது. அந்தக் கூலியில் இன்னொரு பழைய கோட்டு வாங்கிவிடலாம். கை நீளம் அதிகமானால் சுருக்குவது எளிது. குறைவானால், உள்ளே மடித்து விட்டிருக்கும் துணி எவ்வளவோ அவ்வளவுதான் இறக்க முடியும், அதிலும் பழைய மடிப்புக் கோடு தெரியும். கையை முன்னே நீட்டும்போதும் சட்டைக் கஃப் வெளியே எட்டிப் பார்க்காமல் இருந்தால் நீளம் சரி.

லேபிளில் எண்ணை அடுத்து வரும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். எஸ் என்றால் ஷார்ட், ஆர் ரெகுலர், எல் லாங். 5 அடி 7 அங்குலத்துக்குள் இருக்கிறவர்கள் ஷார்ட்டில் தேடத் தொடங்குங்கள். நம் ஆண்களில் பலருக்கு அதுதான் பொருந்தும். கவனிக்காமல் ரெகுலர் வாங்கினால் கை விரல்வரை இறங்கும், பை தொடையில் போய் நிற்கும். பெண்களுக்கெனக் கடற்படை தனியாகத் தைத்த கோட்டுகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் 12ஆர் போல் இருப்பது மார்பளவு அல்ல, அமெரிக்கப் பெண்கள் உடைக்கான எண். அங்கும் நாடாவையே நம்புங்கள்.

சூட்டு போடுகிற வேலையா?

ரெகுலர் கோட்டின் முதுகு நீளம் 30 அங்குலத்துக்கு அக்கம்பக்கம். சூட்டுக் கோட்டும் ஏறத்தாழ அதே நீளம். மேலே இதை மாட்டினால் உள்ளே இருப்பது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். நேர்காணலுக்கோ வாடிக்கையாளர் சந்திப்புக்கோ அப்படிப் போக வேண்டாம். வங்கி, சட்டம், ஆலோசனை நிறுவனம் என்று சூட்டு அன்றாட உடையாக இருக்கும் வேலையானால், அதே கடற்படையின் பிரிட்ஜ் கோட்டைத் தேடுங்கள். அதிகாரிகளும் மூத்த நிலை மாலுமிகளும் போட்டது, முழங்காலைத் தொடும். அதன் தங்கநிறப் பொத்தானை அப்படியே விட்டால் ஓட்டல் வாசலில் கதவு திறப்பவர் என்று நினைப்பார்கள். கறுப்புப் பொத்தான் மாற்றித் தைத்து, தோள்பட்டை வளையங்கள் இருந்தால் பிரித்துவிடுங்கள். மென்பொருள், பல்கலைக்கழகம், மருத்துவமனை ஆய்வகம் போன்ற இடங்களுக்குச் சாதாரணக் கோட்டே தாராளம்.

கையில் தரச்சின்னம் தைத்திருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். சேவை செய்யாதவர் சின்னத்தோடு வருவதை முன்னாள் படைவீரர்கள் ரசிப்பதில்லை, அமெரிக்க அலுவலகங்களில் அவர்கள் நிறையப் பேர். “கடற்படையில் இருந்தீர்களா?” என்று யாராவது கேட்பார். “இல்லை, பழைய கடையில் வாங்கினேன்” என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கிருந்து நன்றாகவே வளரும். உள்ளே பழைய மாலுமியின் பெயர் ஸ்டென்சிலில் அடித்திருந்தால் அது இருக்கட்டும், குறையே இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அந்துப்பூச்சிதான் முதல் எதிரி. கோட்டை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் ஓட்டை தானாகத் தெரியும். காலரைத் திருப்பி அடியில் பார்ப்பது கட்டாயம், புழு முதலில் குடியேறும் இடம் அது. ஒன்றிரண்டு ஊசித்துளை பரவாயில்லை. இணையத்தில் வாங்கினால் காலர் அடி, அக்குள், பைவாய், லைனிங் கிழிசல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் கேளுங்கள். அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மற்றத் துணிகளோடு தொங்கவிடாமல் நேரே ட்ரை க்ளீனிங். முட்டை, புழு இரண்டும் அதில் செத்துவிடும். அந்துருண்டை வாடை ஒருமுறையில் போகாது. நிழலில் காற்றாட விடுங்கள், முழுதும் போகும்வரை அலுவலகத்துக்கு வேண்டாம். மூடிய கூட்ட அறையில் அந்த வாடைக்கு விளக்கம் சொல்வது கஷ்டம்.

விலை ஊருக்கு ஊர் மாறும், வரிசை மாறாது: போர்க்காலக் கோட்டு மேலே, 1960-கள் நடுவே, 1980-க்குப் பிந்தையது கீழே. ஜூலை, ஆகஸ்டில் கேட்பாரில்லாமல் கிடப்பது அக்டோபரில் ஏறிவிடும். அங்கே ஏற்கெனவே நண்பரோ உறவினரோ இருந்தால் அவர் முகவரிக்குக் கோடையிலேயே வரவழைத்துவிடுங்கள். ராணுவ உபரிக் கடை பக்கத்தில் இருந்தால் நேரில் போய், நீங்கள் போடப்போகும் ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு மாட்டிப் பாருங்கள். இரு கையையும் முன்னே கட்டிக்கொள்ளும்போது முதுகில் இழுக்கிறதா என்பதுதான் சோதனை.

அலுவலகத்தில் சூடு எப்போதும் இருபது டிகிரிக்கு மேல். உள்ளே நுழைந்ததும் கழற்றி, அகலத் தோளுள்ள மரத் தொங்கியில் மாட்டுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் கோட்டைக் கம்பித் தொங்கி தாங்காது, தோளில் கொம்பு முளைத்ததுபோல் ஆகிவிடும். சுழல் நாற்காலி முதுகில் போட்டால் சக்கரம் ஓரத்தில் ஏறும். பனி விழுந்திருந்தால் உதறிவிட்டு அப்படியே காயட்டும், ரேடியேட்டர் மேல் போட வேண்டாம். துவைக்கும் எந்திரத்தில் போடவே கூடாது. வெளியே எடுக்கும்போது பள்ளிப் பிள்ளைக்குத்தான் சரியாக இருக்கும். வாரம் ஒருமுறை துணி பிரஷால் மேலிருந்து கீழே தள்ளினால் போதும்.

ஏப்ரலில் மறுபடி ட்ரை க்ளீனிங், பருத்தி உறையில் போட்டு அலமாரி. ஒப்பந்தம் முடிந்து சென்னை திரும்புகிறீர்கள் என்றால் பெட்டியில் அடைத்துக் கொண்டுவராதீர்கள், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சைக்குத்தான் போய்ச் சேரும். கிளம்பும் மாதம் எதுவானாலும் அக்டோபர்வரை நண்பர் வீட்டில் வைத்து, அப்போது விற்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் லேபிள் படமும், பொத்தான் மாட்டித் தட்டையாக எடுத்த அளவும் இருந்தால் ஒரு வாரம்கூடத் தங்காது.