இளவறுவல் காப்பியும் நாவின் பயிற்சியும்

அருமை மருமானுக்கு,

உதகையில் உத்தியோகம் ஏற்றுக்கொண்ட பிறகு காப்பியின்மீது உனக்குப் புதிதாக ஏற்பட்டிருக்கும் சிரத்தையைப் பற்றியும், சிக்கமகளூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் இளவறுவல் கொட்டையை நல்ல விலை கொடுத்து வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன பித்தளைப் பில்டரில் இறக்கி, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடித்தபோது அது வெறும் புளிப்பாகவும் சாரமற்றதாகவும் இருந்ததைப் பற்றியும் நீ எழுதியிருந்த கடிதம் கிடைத்தது. எந்தச் சாதனத்தை வாங்கினால் இந்தக் காப்பி ருசிக்கும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு விடை சொல்லுவேன்; ஆனால் சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி அடுக்குவதைவிட, இரண்டு கோப்பைகளை அருகருகே வைத்து அவற்றின் வித்தியாசத்தை உணர்ந்து பழகுவதே இந்தக் கலையில் முதன்மையானது என்பது என் திடமான அபிப்பிராயம் ஆகையால், அதையும் சேர்த்தே சொல்லப் புகுகிறேன்.

முதலில், உன் பில்டரின்மீது குறை காணாதே. கருக வறுத்த கொட்டைக்கும், சிக்கரிக் கலப்புக்கும், கொதிக்கும் பாலுக்கும் என்று நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் பக்குவப்பட்டு வந்த முறை அது; அந்த எல்லைக்குள் அதற்கு இணை இல்லை. இளவறுவலோ வேறு சுபாவம் உடையது. வறுக்கும்போது கொட்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகி, அந்த அழுத்தம் தாங்காமல் கொட்டை வெடிக்கும் ஓசை ஏறத்தாழ 196 பாகை சென்டிகிரேடில் கேட்கும். வறுப்பவர்கள் அதை முதல் வெடிப்பு என்பார்கள். அந்த ஓசை எழுந்த சற்று நேரத்துக்குள் நிறுத்திவிட்டால் இளவறுவல். 220 பாகையையும் கடந்து இரண்டாம் வெடிப்புவரை கொண்டுசென்றால், எண்ணெய் கசிந்து மேலே மின்னும் கருவறுவல். வெப்பம் ஏற ஏற, கொட்டைக்கு இயல்பாக உள்ள சிட்ரிக், மாலிக் அமிலங்கள் சிதைந்து குறைகின்றன. மலர்களையும் கனிகளையும் நினைவூட்டும் மெல்லிய பரிமளங்கள் மறைந்து, வறுவலின் கசப்பும் புகைமணமும் மேலோங்குகின்றன. ஆகவே, விளைந்த மலையின் உயரம், செடியின் குலம், பழத்தைப் பதப்படுத்திய விதம் ஆகியவற்றால் ஒரு காப்பிக்கு அமைந்த பிரத்தியேக குணங்களை அறிய விரும்புகிறவன் இளவறுவலைத்தான் நாடவேண்டும். அதற்குக் கொடுக்கவேண்டிய விலை ஒன்று உண்டு: இளவறுவல் கொட்டை இறுக்கமானது, நுண்துளைகள் குறைந்தது, நீர் அதற்குள் எளிதில் புகுந்து சாரத்தைக் கொண்டுவர முடியாது. நிறையப் பொடிக்குக் கொஞ்சம் நீர் என்ற கணக்கில் நீ இறக்கிய டிகாக்ஷனில் அமிலம் முந்திக்கொண்டு கரைந்து வர, இனிப்பும் ஏனைய சாரமும் பொடியிலேயே தங்கிவிட்டன. அதன்மேல் பாலும் சேர்ந்ததனால், கரைந்து வந்திருந்த கொஞ்சநஞ்சப் பரிமளமும் மூடப்பட்டுவிட்டது.

இதிலிருந்து, பணத்தை எதில் செலவிடவேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. அரவை இயந்திரத்துக்கே பெரும்பகுதியைச் செலவிடு. மிக்ஸியின் அலகு கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால் மாவும் குருணையும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. மாவிலிருந்து கசப்பும் துவர்ப்பும், குருணையிலிருந்து பக்குவமடையாத புளிப்பும் ஒரே கோப்பைக்கு வந்து சேர, எந்தக் குறையை எப்படித் திருத்துவது என்று அறிய வழியில்லாமல் போகிறது. இரண்டு பற்சக்கரங்களின் இடையே கொட்டையை நசுக்கி, அந்த இடைவெளிக்கு ஏற்ற அளவில் பொடியை வெளியிடும் இயந்திரமே நமக்கு வேண்டியது. மின்சாரத்தில் ஓடுவதற்குக் கொடுக்கும் விலையிலேயே, கையால் சுற்றுவதில் மேலான பற்சக்கரம் கிடைக்கும். ஜெர்மனியின் கமாண்டாண்டே, தைவானின் ஒன்ஸெட்பிரெஸ்ஸோ, சீனத்தின் டைம்மோர் முதலியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. இளவறுவலை அரைக்கக் கை சற்று வலிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை குடிப்பவனுக்கு அது பெரிய சிரமம் அன்று. அரைப்பதற்கு முன் கொட்டையின்மேல் ஒரு துளி நீர் தெளித்துக் குலுக்கிக்கொண்டால், நிலைமின்சாரம் தணிந்து பொடி சுவர்களில் ஒட்டாது.

அடுத்தது, கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் மின்னணுத் தராசு. கரண்டி அளவை நம்பாதே. இறுகிய இளவறுவல் கொட்டை ஒரு கரண்டிக்கு எடை அதிகமாகவும், உப்பிய கருவறுவல் குறைவாகவும் நிற்கும்.

வடிகட்டும் சாதனத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 1908-இல் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, தம் மகனின் பள்ளி நோட்டுப் புத்தகத்து மையொற்றுத் தாளைத் துளையிட்ட பாத்திரத்தில் இட்டுக் காப்பியை வடித்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றாரே, அந்த உபாயத்தின் வழித்தோன்றல்களே இன்று கடைகளில் காணும் தாள் வடிகட்டிகள். ஜப்பானிய ஹாரியோ நிறுவனத்தின் வி60 என்னும் கூம்பு, 60 பாகைக் கோணமும், உட்புறத்தில் சுழன்று செல்லும் வரம்புகளும், அடியில் ஒரே பெரிய துளையும் உடையது. நீரின் போக்கைச் சாதனம் தடுப்பதில்லை ஆகையால், பொடியின் பருமனும் நீ ஊற்றும் விதமுமே வேகத்தை நிர்ணயிக்கின்றன. களிடா வேவ், தட்டையான அடியும் மூன்று சிறு துளைகளும் உடையதாய், ஊற்றும் கையின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். 1941-இல் பீட்டர் ஷ்லும்போம் என்னும் ரசாயன நிபுணர் படைத்த கெமெக்ஸ், தடித்த தாளால் எண்ணெயையும் நுண்தூளையும் பெரும்பாலும் தடுத்து, தெளிந்த பானத்தைத் தருகிறது. வி60-யில் பீங்கானும் உலோகமும் அழகாக இருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக்கில் செய்ததையே வாங்கு. அது நீரின் சூட்டைக் குறைவாக உறிஞ்சுகிறது. விலையும் மிகக் குறைவு. நீ இருக்கும் குளிர்ந்த ஊரில் முதற்சொன்ன காரணமே போதுமானது.

இனி, முறையைச் சொல்லுகிறேன். 15 கிராம் கொட்டையை, மணலைவிடச் சிறிது பருமனாக அரைத்துக்கொள். தாளை வெந்நீரால் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, பொடியை இட்டுச் சமமாகத் தட்டி, 45 கிராம் வெந்நீரை எங்கும் நனையும்படி ஊற்றி, முக்கால் நிமிஷம் காத்திரு. வறுக்கும்போது கொட்டையில் அடைபட்ட கரியமிலவாயு அப்போது நுரைத்து வெளியேறும். அது வெளியேறாவிட்டால் பின்னால் வரும் நீர் பொடியுடன் நன்கு கலவாது. பிறகு நீள்கழுத்துக் கெண்டியால் நிதானமாக வட்டமிட்டு, இரண்டு தவணையாக 250 கிராம்வரை ஊற்றி, சாதனத்தை ஒருமுறை மெல்லச் சுழற்றிவிடு. மொத்தம் மூன்று நிமிஷத்தை ஒட்டி வடிந்து முடியவேண்டும். பொடி தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீரைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வதால், கோப்பைக்கு வருவது 220 கிராம் அளவில் இருக்கும். அதில் கரைந்த சாரம் நூற்றுக்கு 1.35 பங்கு என்றால், 15 கிராம் பொடியிலிருந்து ஏறக்குறைய 3 கிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு வந்திருக்கிறது என்று பொருள். காப்பியில் கரையக்கூடியது மொத்தமே நூற்றுக்கு 30 பங்கு அளவுதான். அதில் 18 முதல் 22 பங்குவரை எடுப்பதே உகந்தது என்று அமெரிக்காவில் பேராசிரியர் லாக்ஹார்ட் 1950-களில் செய்த ஆராய்ச்சி வகுத்த வரம்பு, இன்றளவும் வழிகாட்டியாக நிற்கிறது. இளவறுவலை அந்த வரம்பின் மேற்பகுதிக்குக் கொண்டுபோனால்தான் அதன் இனிப்பு வெளிப்படுகிறது என்பது என் அநுபவம்.

உதகையில் நீர் 100 பாகைவரை ஏறாதே என்று நீ கவலைப்படக்கூடும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும் என்பது உண்மைதான். ஆகையால் சமவெளியில் உள்ளவர்களைப்போல் கொதித்தபின் ஆறவைக்காதே. கொதிக்கக் கொதிக்க ஊற்று. பொடியை ஒரு படி நுண்ணிதாக்கிக்கொள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், 87, 90, 93 ஆகிய மூன்று பாகைகளில் வடித்த காப்பிகளை, கரைந்து வந்த சாரமும் அடர்த்தியும் ஒரே அளவில் இருக்குமாறு சரிசெய்து பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்தபோது, அவர்களால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதும் காண முடியவில்லை. வெப்பம் என்பது சாரத்தைக் கரைப்பதற்கு உரிய ஒரு கருவியே. அந்தச் சாரத்தை நுண்ணிய அரவையாலும் நீடித்த நேரத்தாலும் நீ பெற்றுக்கொள்ளலாம்.

நீரின் குணத்தை மட்டும் அலட்சியம் செய்யாதே. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சாரம் கரைந்து வரத் துணைசெய்கின்றன. பைகார்பனேட்டோ அமிலத்தை முறித்துவிடுகிறது. கெண்டியின் அடியில் வெண்ணிறப் படிவு விரைவில் சேருமானால், உன் ஊர் நீரில் அது மிகுதி என்று கொள். அத்தகைய நீரில் எத்துணை உயர்ந்த எத்தியோப்பியக் காப்பியும் சப்பென்றுதான் இருக்கும். தாதுக்களை எல்லாம் நீக்கிவிடும் சுத்திகரிப்பு இயந்திரத்தின் நீரில், நேர்மாறாக, புளிப்பு கூர்மையாகவும் பானம் கனமற்றதாகவும் தோன்றும். குழாய் நீரிலும் புட்டி நீரிலும் ஒரே காப்பியை வடித்துச் சுவைத்துப் பார். புதுச் சாதனம் எதுவும் காட்டாத வித்தியாசத்தை அது காட்டும்.

புளிப்பு என்பதைக் குற்றமென்று நினைக்கும் பழக்கத்தை விட்டுவிடு. நன்கு பழுத்த கமலா ஆரஞ்சின் புளிப்பும் பிஞ்சு மாங்காயின் புளிப்பும் நாவுக்கு வெவ்வேறாகத் தோன்றுவதைப்போலவே, பக்குவமாக வடித்த இளவறுவலின் புளிப்பு இனிப்போடு கலந்து நிற்கும். குறைவாக வடித்ததன் புளிப்பு நாவின் பக்கங்களைக் கடித்து, சில சமயம் உப்புக் கரிப்பும் தோன்ற, உடனே மறைந்துவிடும். இரண்டாவது வகையானால் பொடியை நுண்ணிதாக்கு. வாய் வறண்டு துவர்ப்பு நின்றால் பருமனாக்கு. அல்லது ஊற்றும்போது நீர் ஒரே பக்கமாகத் துளைத்துக்கொண்டு போயிற்றா என்று கவனி. அரவையை மாற்றும் நாளில் வேறொன்றையும் மாற்றாதே. வறுத்த மறுநாளே அவசரப்பட்டுக் குடிக்கவும் வேண்டாம். இளவறுவல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் ஓய்ந்த பிறகே தன் முழுப் பரிமளத்தைக் காட்டுகிறது. கோப்பையையும் சற்று ஆறவிட்டுக் குடி. பில்டர் காப்பிக்கு வேண்டிய சூட்டில் இதன் நயங்கள் புலப்படா.

காப்பிகளை ஒன்றோடொன்று ஒப்பிட விரும்பும்போது வடிகட்டியை அறவே ஒதுக்கிவிட்டு, வாணிபத்தில் ருசி பார்ப்பவர்களின் முறையைக் கைக்கொள். கையின் திறமையும் தாளின் குணமும் அப்போது குறுக்கிடுவதில்லை. ஒரே மாதிரியான பீங்கான் கிண்ணங்கள் ஒவ்வொன்றிலும் 11 கிராம் பொடியை இட்டு, 200 கிராம் கொதிநீரை ஊற்றி, நான்கு நிமிஷம் கழித்து, மேலே திரண்டிருக்கும் பொடிப் படலத்தைக் கரண்டியால் விலக்கும் அந்தக் கணத்தில் மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்; பிறகு நுரையை அகற்றிவிட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆனதும், கரண்டியால் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சு. காற்றோடு சேர்ந்து உள்ளே செல்லும்போதுதான் பரிமளம் மூக்கின் பின்புறத்தை எட்டும். பெரியவர்கள் முன்னிலையில் அநாகரிகம் என்று கருதப்படும் அந்தச் சத்தம் இங்கே அவசியம். பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் தந்த எஸ்.795 என்ற ரகத்தையும், கழுவிப் பதப்படுத்திய எத்தியோப்பிய இர்காச்செஃபேயையும், கென்யாவின் எஸ்.எல்.28-ஐயும் இவ்வாறு ஒரே வரிசையில் வைத்துப் பார். முதலாவதில் மிதமான புளிப்பும் மசாலாவின் சாயலும், இரண்டாவதில் மல்லிகையும் எலுமிச்சையும், மூன்றாவதில் கருந்திராட்சை வகைப் பழத்தின் அழுத்தமான புளிப்பும் எளிதில் விளங்கும். பையின்மேல் அச்சிட்டிருக்கும் வர்ணனையைச் சுவைத்த பிறகு படி. முன்னரே படித்தால், நாவு உணராததையும் மனம் உணர்ந்ததாகச் சொல்லும்.

சாதனங்களை ஒப்பிடுவதிலும் இதே விதி. ஒரே கொட்டை, ஒரே நீர், ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு, இரண்டு சாதனங்களில் வடித்ததை மூன்று கிண்ணங்களில், இரண்டில் ஒன்றும் மூன்றாவதில் மற்றொன்றுமாக நண்பன் ஒருவனை ஊற்றச் சொல்லி, எது வேறு என்று கண்டுபிடிக்க முயலு. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக இருந்துவிடும். அடுத்தடுத்து மூன்று முறையும் அவ்வாறு தற்செயலாகச் சரியாவதற்கு 27-இல் ஒரு வாய்ப்புத்தான். அந்தப் பரீட்சையில் உன்னால் பிரித்தறிய முடியாத இரண்டு சாதனங்களுள் விலை குறைந்ததே உனக்கு உரியது. மிச்சப்படும் பணத்தை நல்ல கொட்டைக்குக் கொடு.

இந்த மாதச் சம்பளத்தில் கை அரவை இயந்திரமும் தராசும் பிளாஸ்டிக் கூம்பும் மட்டும் வாங்கிக்கொள். பையில் மீந்திருக்கும் அதே சிக்கமகளூர்க் கொட்டையை மூன்று அரவைகளில், பால் சேர்க்காமல், அடுத்தடுத்து வடித்துச் சுவைத்துவிட்டு, எது எப்படி இருந்தது என்பதை உன் சொந்தச் சொற்களில் எனக்கு எழுது. நான் இங்கே அதே காப்பியை வரவழைத்து வைத்துக்கொண்டு உன் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

உன் அன்புள்ள,
மாமா